மாமாவின் மைக் செட்டும் புளூடூத் எண்களும்

அருப்புக்கோட்டை பக்கம் மாமா மைக் செட் வைத்திருக்கிறார். மாரியம்மன் பொங்கல், காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் கூம்புக் குழாய் கட்டக் கிளம்பிவிடுவார். கேசட் போய், சிடி போய், பாட்டு முழுக்க இப்போது போனில் இருக்கிறது. பக்கத்து ஊர் செட்டுக்காரர்களோடு பாட்டு கொடுத்து வாங்குவதெல்லாம் புளூடூத் வழியாகத்தான். 2020 ஜூனில் ஷேர்இட், ஜெண்டர் என்ற ஃபைல் அனுப்பும் ஆப்கள் இரண்டுக்கும் தடை வந்தபிறகு அவரும் அவர் கூட்டாளிகளும் பழையபடி புளூடூத்துக்கே திரும்பிவிட்டார்கள். நெட் எடுக்காத பொட்டலிலும் அது வேலை செய்யும், டேட்டா தீராது, எந்த போனிலும் இருக்கும். அவர்கள் சொல்லும் காரணம் இவ்வளவுதான். நியாயமான காரணம்.

சமீபத்தில் மாமா புது போன் வாங்கினார். வாங்கிய சில நாளிலேயே என்னிடம் கொண்டு வந்தார். "மாப்ள, பழைய போன்ல புளூடூத் 4.2ன்னு இருந்துச்சு. இதுல 5.3ன்னு போட்டிருக்கான். ஆனா ஒரு பாட்டு ஏற அதே நேரம்தான் ஆகுது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?" கூடவே இன்னொரு குறையும் சொன்னார். ஆம்ப்ளிஃபயருக்குள் வைத்திருக்கும் புளூடூத் போர்டு, போனோடு நாலு எட்டு தள்ளிப் போனாலே பாட்டைத் துண்டு துண்டாக வெட்டுகிறதாம். இரண்டையும் சேர்த்தே பார்த்தேன். கடைக்காரர் மேல் தப்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வேகம். சோதனைக்கு ஒரே பெரிய ஃபைலாக எடுத்துக்கொண்டேன்: மாமாவிடம் இருந்த வில்லுப்பாட்டு ஒலிப்பதிவு ஒன்று, ஒன்றேமுக்கால் மணி நேரம் ஓடும், ஏறத்தாழ 100 எம்பி. சின்னச் சின்னப் பாட்டாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் கேட்டு வாங்கும் நேரம் கூடும், கணக்கு குழம்பும். போன்களை மேசையில் ஒரு சாண் இடைவெளியில் வைத்து, எல்லாவற்றிலும் வைஃபையை அணைத்துவிட்டு அனுப்பினேன்.

மாமாவின் பழைய 4.2 போனிலிருந்து புது 5.3 போனுக்கு எட்டரை நிமிஷம் போல ஆனது. விநாடிக்குச் சுமார் 200 கேபி. என் போன் 5.2. அதிலிருந்து மாமாவின் புது போனுக்கு அனுப்பியபோது ஏழே முக்கால் நிமிஷம் சொச்சம். இரண்டும் ஐந்தாம் தலைமுறை, இரண்டும் நல்ல போன், ஆனாலும் வித்தியாசம் ஒரு நிமிஷத்துக்குள். செட்டுக்கு உதவியாக வரும் தம்பியின் பட்டன் போனுக்கு அதே ஃபைலை அனுப்பியபோது மட்டும் இருபது நிமிஷத்தைத் தாண்டியது.

மாமா கேட்டது சரிதான். 4.2, 5.2, 5.3 எல்லாம் ஒரே வேகம். ஏன் என்பதுதான் இந்தப் பதிவின் பாதி.

புளூடூத் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனி ரேடியோ முறைகள் இருக்கின்றன. ஒன்று ஆரம்பத்திலிருந்து வரும் கிளாசிக். ஃபைல் அனுப்புவது, ஹெட்செட்டில் பாட்டு கேட்பது, கார் ஸ்டீரியோ, நம் ஆம்ப்ளிஃபயர் போர்டு எல்லாம் பெரும்பாலும் இதில்தான் ஓடும். மற்றது 2010இல் 4.0 பதிப்போடு வந்த லோ எனர்ஜி. கைக்கடிகாரம், எடை பார்க்கும் மெஷின், சாவியில் மாட்டும் டேக் மாதிரி, பட்டன் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய சாமான்களுக்காக உருவாக்கியது. 4.0க்குப் பிறகு வந்த பதிப்புகளில் பெரிய மாற்றங்கள் கிட்டத்தட்ட எல்லாமே லோ எனர்ஜி பக்கம் நடந்தவை. கிளாசிக் பக்கம் வேகம் கடைசியாகக் கூடியது 2004இல், 2.0 பதிப்பில் வந்த ஈடிஆர் என்ற வேகம் கூட்டும் முறை மூலமாக. அதன் உச்சம் விநாடிக்கு 3 மெகாபிட் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்). இன்றைக்கு 6.0ஐயும் தாண்டி வந்தாகிவிட்டது, அந்த 3 மெகாபிட் அப்படியேதான் இருக்கிறது.

அந்த 3 மெகாபிட்டும் முழுசாக நம் கைக்கு வராது. கிளாசிக் புளூடூத் ஒரு விநாடியை 1600 காலத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு 625 மைக்ரோ விநாடி. அதிகபட்சமாக ஐந்து துண்டு நேரத்தில் 1021 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை அனுப்பலாம். அப்புறம் ஒரு துண்டு நேரம், எதிர்ப்பக்கம் "வந்து சேர்ந்தது" என்று பதில் சொல்வதற்கு. ஆக 1021 பைட்டுக்கு ஆறு துண்டு. 1600ஐ ஆறால் வகுத்து 1021ஆல் பெருக்கினால் விநாடிக்கு 2,72,000 பைட் சொச்சம் வரும். காற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாமல், ஒரு பொட்டலம்கூடத் தொலையாமல் போனால்தான் இது. அந்தக் கணக்கில் 100 எம்பிக்கு 6 நிமிஷம் 7 நொடி. அதற்குக் கீழே எந்த போனாலும் இறங்க முடியாது, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும். நாங்கள் பார்த்த ஏழே முக்கால் நிமிஷம் அந்த எல்லைக்கு ரொம்பவே பக்கம்.

பட்டன் போன் தாமதத்துக்கும் இதே கணக்கு விடை சொல்கிறது. ஈடிஆர் இல்லாத அடிப்படை முறையில் அதே ஐந்து துண்டில் போவது 339 பைட் மட்டும். விநாடிக்கு 90 கேபி. 100 எம்பிக்குப் பதினெட்டரை நிமிஷம் அடிப்படை, மற்றதெல்லாம் அதற்கு மேல். அந்த போனுக்கு 3 மெகாபிட் தெரியாது என்பதைப் பிறகு, புளூடூத் பேச்சை போன் பதிந்து வைக்கும் லாகில் கண்ணாலேயே பார்த்தேன். அதை எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன்.

சரி, 5.0 வந்தபோது "இரண்டு மடங்கு வேகம், நான்கு மடங்கு தூரம்" என்று எல்லா விளம்பரத்திலும் போட்டார்களே, அது பொய்யா? பொய் இல்லை, லோ எனர்ஜி பக்கத்துக்கு அது உண்மை. லோ எனர்ஜி 1 மெகாபிட்டில் இருந்தது. 2016 டிசம்பரில் வந்த 5.0 அதற்கு 2 மெகாபிட் முறை ஒன்றைக் கொடுத்தது. பொட்டலத்தின் தலைப்பு, இடைவெளி, பதில் நேரம் எல்லாம் கழித்தால் நமக்குக் கிடைப்பது 1.4 மெகாபிட் அளவுதான். 2004இன் கிளாசிக் தருவது 2.1. அதாவது இரண்டு மடங்கு ஆன பிறகும் லோ எனர்ஜி, பன்னிரண்டு வருஷம் முந்தைய கிளாசிக்கின் வேகத்தைத் தொடவில்லை. தொட வேண்டும் என்பது அதன் நோக்கமும் இல்லை. நான்கு மடங்கு தூரம் என்பதும் லோ எனர்ஜியின் நீள்தூர முறைக்குச் சொன்னது. ஒவ்வொரு பிட்டையும் எட்டு மடங்கு நீட்டி அனுப்பி, வேகத்தை 125 கிலோபிட்டுக்கு இறக்கித்தான் அந்தத் தூரத்தை வாங்குகிறார்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு அனுப்புவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இதில் இன்னொன்றும் உண்டு: 2 மெகாபிட், நீள்தூரம் இரண்டும் விருப்பத்துக்குரியவை. இரண்டும் இல்லாமலேயே ஒரு சிப்பை 5.0 என்று முறைப்படி விற்கலாம். உங்கள் போனில் எது இருக்கிறது என்று பார்க்க நோர்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப் கனெக்ட் ஆப்பில், மெனுவில் சாதனத் தகவல் பகுதியைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை என்று காட்டும். இலவச ஆப்.

நடுவில் ஒரு காலத்தில் புளூடூத் ஃபைலுக்கு நிஜமாகவே வேகமான வழி இருந்தது. 2009இல் வந்த 3.0 பதிப்பின் ஹைஸ்பீட் முறை, 24 மெகாபிட். புளூடூத்தில் கைகுலுக்கிவிட்டு ஃபைலை வைஃபை ரேடியோ வழியாக அனுப்பும் ஏற்பாடு. அனுப்புகிறவர், வாங்குகிறவர் இருவர் போனிலும் அது இருந்தால்தான் பயன். அது அதிகம் பரவவில்லை. கடைசியில் 2021இல் வந்த 5.3 பதிப்பில் அதையே எடுத்துவிட்டார்கள். அதனால் "3.0க்கு 24 மெகாபிட், அப்போ 5.3க்கு எவ்வளவு இருக்கும்" என்று மேல்நோக்கிக் கணக்குப் போடுவது சரிவராது.

அந்த யோசனை வேறு பெயரில் பிழைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டின் குவிக் ஷேர், ஆப்பிளின் ஏர்டிராப் இரண்டும் செய்வது அதையேதான்: பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று லோ எனர்ஜியில் தேடி, ஃபைலை வைஃபையில் நேரடியாகத் தள்ளுவது. இரண்டு போனுக்கும் இடையில் நேரே போவதால் நெட்டும் டேட்டாவும் செலவாகாது. அதே வில்லுப்பாட்டை மாமாவின் புது போனுக்கு குவிக் ஷேரில் அனுப்பினேன். பத்து நொடிக்குள் போய்ச் சேர்ந்தது. மாமா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது போன் வாங்கியதற்கான பலன் அதில் இருக்கிறது, 5.3 என்ற எண்ணில் இல்லை.

அவருடைய பழைய போனில் பாட்டு மட்டும் 12 ஜிபி இருந்தது. புளூடூத்தில் மாற்றினால் பதினாறு மணி நேரத்துக்கு மேல். ஓடிஜி கேபிளில் பென் டிரைவ் போட்டு, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மாற்றி முடித்தோம். ஒன்றிரண்டு பாட்டுக்குப் புளூடூத் போதும்; 5 எம்பி பாட்டு அரை நிமிஷத்துக்குள் ஏறிவிடும். நூறு எம்பிக்கு மேல் என்றால் வேறு வழி பார்ப்பது நல்லது.

மேசையில் இன்னொரு சோதனையும் செய்தேன், இது எல்லோருக்கும் பயன்படும். வீட்டு ரூட்டரின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் என் போனை இணைத்து, பெரிய டவுன்லோடு ஒன்றை ஓடவிட்டு, அதே நேரத்தில் புளூடூத்தில் ஃபைலை அனுப்பினேன். 200க்கு மேல் இருந்த வேகம் பாதிக்கும் கீழே, 90 கேபி பக்கம் விழுந்தது. ரூட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் பழைய வேகம் திரும்பிவிட்டது. பெரும்பாலான போன்களில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே சிப், பல போன்களில் ஆன்டெனாவும் ஒன்றே. இருவரும் 2.4இல் இருந்தால் முறை வைத்துத்தான் பேச வேண்டும். அது போதாதென்று, புளூடூத்தின் 79 அலைவரிசைகளில் இருபதை ஒரு வைஃபை சேனல் மூடிவிடும். 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே, இரைச்சலான அலைவரிசைகளைத் தெரிந்துகொண்டு அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில் தாவும் வித்தை புளூடூத்துக்குத் தெரியும். நான்கு வீட்டு ரூட்டர் ஒரே தெருவில் வெவ்வேறு சேனலில் இருந்தால் தாவுவதற்கு இடம் குறைந்துபோகும். வீட்டில் ஹெட்செட் அடிக்கடி வெட்டுகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, போனை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிப் பாருங்கள் என்பதுதான். பாதிப் பேருக்கு மேல் அதோடு திரும்பி வருவதில்லை. லேப்டாப் என்றால், யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கைப் புளூடூத் ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் சொருகியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். அந்தக் கேபிளும் 2.4 பக்கம் இரைச்சல் போடும்.

இனி ஆம்ப்ளிஃபயர்

மாமாவின் ஆம்ப்ளிஃபயர் பழைய உருப்படி, 12 வோல்ட்டிலும் கரண்டிலும் ஓடும், நல்ல கனமான இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரு புளூடூத் போர்டை யாரோ பொருத்திக் கொடுத்திருக்கிறார்கள். முன்பலகையில் சதுரத் துளை வெட்ட வேண்டாம் என்று நினைத்து, போர்டை உள்ளேயே, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இரும்புத் தகட்டோடு ஒட்டி வைத்திருந்தது. பெட்டியைத் திறந்ததும் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் ஊகத்தில் கத்தியை வைக்க எனக்குப் பிடிக்காது. முதலில் லாக் எடுத்தேன்.

ஆண்ட்ராய்டு போனில் இதைச் செய்வது சுலபம். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் புளூடூத் எச்சிஐ ஸ்னூப் லாக் என்று ஒன்று இருக்கும். அதை முழுமையாகப் பதியும்படி வைத்து, புளூடூத்தை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அதிலிருந்து போனுக்கும் அதன் புளூடூத் சிப்புக்கும் நடக்கும் பேச்சு எல்லாம் பதிவாகும். பிரச்சினை வரும்வரை பயன்படுத்திவிட்டு, அதே டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பக் ரிப்போர்ட் எடுத்தால் வரும் ஜிப்புக்குள் அந்த லாக் கிடைக்கும். கணினியில் வயர்ஷார்க் என்ற, லாகைப் படித்துக் காட்டும் மென்பொருளைப் போட்டுத் திறக்கலாம். வேலை முடிந்ததும் லாகை மறக்காமல் நிறுத்துங்கள். அதில் உங்கள் சொந்த விஷயங்களும் பதிவாகும்.

பார்க்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று, இணைப்பு ஏற்பட்டதும் எதிர்ப்பக்கத்துச் சாதனம் தன் பதிப்பையும் வசதிகளையும் சொல்லும் வரி. அங்கே பதிப்பு ஒரு எண்ணாக வரும்: 3 என்றால் 2.0, 4 என்றால் 2.1, 6 என்றால் 4.0, 8 என்றால் 4.2, 9 என்றால் 5.0. தம்பியின் பட்டன் போன் வசதிப் பட்டியலில் 2 மெகாபிட், 3 மெகாபிட் இரண்டுக்கும் நேரே பூஜ்யம் இருந்தது. மாமாவின் போர்டு வந்த அட்டையில் 5.0 என்று அச்சடித்திருந்தது. லாகில் வந்த எண் 6. அதாவது 4.0. இதை மாமாவிடம் சொன்னபோது போர்டை மாற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அட்டையில் போட்டது தவறுதான், அப்படிப் போட்டு விற்பது எனக்கும் கோபம் வரவைக்கும் விஷயம்தான். ஆனால் பாட்டு போவது கிளாசிக் வழியில். எஸ்பிசி என்ற சாதாரண ஒலிச்சுருக்க முறையில் நல்ல தரத்துப் பாட்டுக்கு 328 கிலோபிட் போதும். அந்த போர்டு நிஜமாகவே 5.0 ஆக இருந்திருந்தாலும் ஒரு அடிகூடத் தூரம் கூடியிருக்காது.

இரண்டாவது, இணைப்பு அறுந்த இடத்தில் இருக்கும் காரணக் குறி. இது தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். 08 என்றிருந்தால் நேரம் கடந்துவிட்டது, அதாவது எதிர்ப்பக்கத்து சத்தமே வரவில்லை: தூரம், தடுப்பு, இரைச்சல், அல்லது அந்தப் பக்கம் கரண்டே போயிருக்கும். 13 என்றிருந்தால் எதிர்ப்பக்கம் தானாகவே முடித்துக்கொண்டது, அங்கே யாரோ அணைத்திருப்பார்கள் அல்லது அது வேறு போனுக்குப் போயிருக்கும். 06 என்றிருந்தால் ரகசியச் சாவி இல்லை: ஒரு பக்கம் பழைய பேரிங்கை (முன்பு ஜோடி சேர்த்ததை) நினைவில் வைத்திருக்கிறது, மறுபக்கம் மறந்துவிட்டது. கார் ஸ்டீரியோவில் "இணைக்க முடியவில்லை" என்று திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் இந்த 06தான் காரணம். போனில் மட்டும் அழித்தால் போதாது, ஸ்டீரியோவின் பட்டியலிலும் அந்த போனை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். பழைய ஸ்டீரியோக்கள் சில போன்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும். பட்டியல் நிரம்பியிருந்தால் புதியதை ஏற்காது.

மாமாவின் லாக் முழுக்க 08.

போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், ஒரு ஓரத்தில் பாம்பு நெளிந்த மாதிரி வளைந்து வளைந்து போகும் ஒரு செம்புக் கோடு தெரியும். அதுதான் ஆன்டெனா. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை செண்டிமீட்டர். அதில் கால்பங்கு மூன்று செண்டிமீட்டர் சொச்சம். அந்த நீளத்தை மடக்கி விரல் நகத்தளவு இடத்தில் அடக்கியிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழேயும் பக்கத்திலும் உலோகம் இருக்கவே கூடாது. போர்டைச் செய்தவர்களே அந்த இடத்தில் மட்டும் பின்பக்கச் செம்பை உரித்து விட்டிருப்பார்கள், கவனித்துப் பாருங்கள். மாமாவின் பெட்டியில் அந்தக் கோட்டுக்கு நேர் பின்னால் ஒட்டியே இரும்புத் தகடு, நான்கு பக்கமும் இரும்பு. எவர்சில்வர் தூக்குச் சட்டிக்குள் வைத்து மூடிய போன் மாதிரிதான். காற்றோட்டத் துளைகள் வழியாகக் கசிந்த கொஞ்சம் அலையில்தான் இத்தனை நாள் அது பாடியிருக்கிறது.

முன்பலகையில், வால்யூம் குமிழுக்கு இடப்பக்கம், எதுவும் இல்லாத இடத்தில் ஒரு சன்னல் வெட்டினேன். ஓரங்களில் வரிசையாகத் துளை போட்டு, நடுத்துண்டைத் தட்டி எடுத்து, அரத்தால் இழைத்துச் சமமாக்கினேன். இரும்புத் தூள் உள்ளே விழாமல் இருக்க உள்பக்கம் முழுக்க ஈரத்துணி அடைத்து வைத்திருந்தேன். இதை மட்டும் சோம்பலில் விட்டுவிட வேண்டாம். ஒரு சின்ன இரும்புச் சுருள் டிரான்சிஸ்டர் கால்களுக்கு இடையில் விழுந்தால் ஆம்ப்ளிஃபயரே போய்விடும். சன்னலுக்கு 3 மில்லிமீட்டர் கறுப்பு அக்ரிலிக் துண்டு ஒன்றை வெளிப்பக்கம் திருகி மூடினேன். மழைச்சாரல், தூசி உள்ளே போகக்கூடாது, அலை மட்டும் போக வேண்டும், பிளாஸ்டிக் அதற்குத் தோது. போர்டை நைலான் தாங்கிகளில் நிறுத்தி, ஆன்டெனா ஓரம் சன்னலின் நடுவில், அக்ரிலிக்கைக் கிட்டத்தட்டத் தொடும்படி வைத்தேன். உலோகத் தாங்கி போடாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

மாமா வீட்டுக்கு முன்னால் களத்தில் வைத்துச் சோதித்தோம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் பதினைந்து மீட்டர் வரை ஒரு வெட்டு இல்லை. போனைப் பின்பாக்கெட்டில் வைத்து, ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தபடி நின்றால் ஏழெட்டு மீட்டரிலேயே தடுமாறியது. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே விழுங்கும். திருவிழாக் கூட்டத்தில் நூறு பேர் நடுவில் நின்றால் தூரம் இன்னும் குறையும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைக்காமல் பெஞ்ச் மேல், ஆட்கள் இடுப்புக்கு மேலே வரும்படி வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். ஒரு பக்கக் காதில் மட்டும் ஹெட்செட் வெட்டுகிறவர்களும் போனை அந்தப் பக்கத்துப் பாக்கெட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

அடுத்தது ஒரு சத்தம். புளூடூத் போட்டாலே பாட்டுக்குப் பின்னால் மெல்லிய "ட்ர்ர்ர்" என்ற கிறுகிறுப்பு. பென் டிரைவில் பாடும்போதும் கொஞ்சம் இருக்கும், போன் இணையும் நேரத்தில் அதிகம். போர்டுக்கான 5 வோல்ட்டும் அதன் ஆடியோவும் ஒரே கிரவுண்டை, அதாவது கரண்ட் திரும்பிப்போகும் ஒயரைப் பகிர்வதால் வருவது இது. ரேடியோ ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் இழுக்கும் கரண்ட் அந்தக் கிரவுண்டு ஒயரில் ஓடி, ஆடியோவோடு சேர்ந்து கூம்புக் குழாய் வழியாக வெளியே கேட்கிறது. இதற்கு பி0505எஸ் என்ற நான்கு கால் கறுப்புத் துண்டு ஒன்று கிடைக்கிறது: 5 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, நடுவில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு கிரவுண்டுக்கும் தொடர்பில்லை. உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு கெபாசிட்டர் போட்டு இதை வைத்ததும் கிறுகிறுப்பு நின்றது. போர்டை நைலானில் நிறுத்தியதும் இதற்காகத்தான். உலோகத் திருகு வழியாகக் கிரவுண்டு பெட்டியைத் தொட்டால் பிரித்ததெல்லாம் மறுபடி சேர்ந்துவிடும். ஒரு வாட் துண்டு என்றால் 200 மில்லிஆம்பியர்தான் தாங்கும். யுஎஸ்பியில் பென் டிரைவும் சொருகுவார் என்பதால் இரண்டு வாட் உள்ளதையே போட்டேன்.

இந்த 5 வோல்ட்டை ஆம்ப்ளிஃபயரின் கரண்ட் பக்கத்திலிருந்து எடுக்காமல் 12 வோல்ட் பேட்டரி பக்கத்திலிருந்து எடுத்தேன். பொங்கல் நேரத்தில் ஜெனரேட்டர் மாற்றும்போது ஒரு நொடி கரண்ட் போகும். போர்டு அணைந்து எழுந்ததும் யார் முந்துகிறார்களோ அவர்களை ஏற்றுக்கொள்ளும். இந்த போர்டுகளில் பின் நம்பர் கேட்கும் வழக்கம் கிடையாது. போன வருஷம் சாமி பாட்டு நடுவில் எவனோ ஒரு பையனின் போன் ஏறி, சினிமாப் பாட்டு ஊர் முழுக்கக் கேட்டது. மாமாவுக்கு இன்னும் அது மனசில் உறுத்துகிறது. சாமி புறப்பாட்டு நேரம் அது, சங்கடப்படாமல் இருக்க முடியாது. இப்போது போர்டு அணைவதே இல்லை. ஒரு போன் இணைந்திருக்கும்வரை வேறு எந்த போனையும் அது ஏற்பதுமில்லை.

மைக் செட்காரர்கள் எல்லோரும் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. போனின் புளூடூத் பட்டியலில் அந்த போர்டின் பெயருக்குப் பக்கத்தில் பல்சக்கரப் படத்தைத் தொட்டால் போன் அழைப்பு, மீடியா ஆடியோ என்று தனித்தனி ஸ்விட்ச் இருக்கும். போன் அழைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது கூப்பிட்டதும் பாட்டு நின்று ரிங்டோன் குழாயில் அலறும், எடுத்தால் பேச்சும் அதிலேயே வரும். ஹெட்செட்காரர்களுக்கும் இதில் ஒரு தகவல் உண்டு: அழைப்பு வழியில் ஒலியை விநாடிக்கு 8,000 தடவைதான் அளந்து அனுப்பும், நல்ல ஹெட்செட்டில் 16,000. அதனால்தான் வாட்ஸ்அப் அழைப்பு ஓடும்போது பாட்டுக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கிறது. ஹெட்செட் கெட்டுப்போகவில்லை, மைக் திறந்ததும் அது பாட்டு வழியிலிருந்து பேச்சு வழிக்கு மாறிவிடுகிறது.

எல்லாம் முடிந்து கட்டியபிறகு மாமா ஒரு குறை சொன்னார்: பழைய போனில் இருந்த சத்தம் புது போனில் இல்லை, வால்யூமை முழுக்க ஏற்றினாலும் பாதிதான் வருகிறது. போனும் போர்டும் ஒரே வால்யூமைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. புது போன் தன் வால்யூம் அளவை போர்டுக்குச் சொல்லி அனுப்புகிறது, போர்டு அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இந்தப் பகிர்வை, அதாவது அப்சல்யூட் வால்யூமை முடக்கும் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு, இணைப்பை அறுத்து மறுபடி சேர்த்தோம். சத்தம் முழுசாக வந்துவிட்டது.

இனி பாக்கி இருப்பது மாமாவின் இரண்டாவது ஆம்ப்ளிஃபயர். அதே போர்டு, அதே இரும்புப் பெட்டி. அதன் முன்பலகையில் மீட்டரும் குமிழுமாக நிறைந்திருப்பதால் சன்னலை மேல்மூடியில்தான் வெட்ட வேண்டும் போலிருக்கிறது. அளவு எடுத்து வைத்திருக்கிறேன்.